திரைக்கதைப் போட்டி நடத்தப் போகிறீர்களா? முதலில் மணிக்கணக்கைப் போடுங்கள்

நான் முதன்முதலில் வேலை பார்த்த திரைக்கதைப் போட்டியில் போஸ்டர் தயார், பரிசுத் தொகை தயார், பெயர் பெற்ற இயக்குநர் ஒருவர் நடுவராக வரவும் சம்மதித்திருந்தார். வந்து குவியும் பிரதிகளை யார் படிப்பது என்பதை மட்டும் ஒருவரும் யோசித்திருக்கவில்லை. கடைசித் தேதிக்கு மறுநாள் நான்கு பேர் உட்கார்ந்து பங்கு பிரித்துக்கொண்டோம். மூன்றாவது வாரம், ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பிரதியின் கடைசிப் பக்கத்தில் வந்து நின்றேன். நடுவில் நாற்பது பக்கம் கண்ணில் படாமலே புரண்டு போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் பிரதியை மறுநாள் திரும்பப் படித்தேன். அதற்கு முன்னால் அப்படிப் புரண்டு போனவை எத்தனை என்பது இன்றுவரை தெரியாது.

பரிசு ஒருவருக்குத்தான் என்பது அனுப்புகிற எல்லோருக்கும் தெரியும். தோற்றவர்களுக்கு இருக்கும் ஒரே கேள்வி, ‘முழுசாகப் படித்தார்களா?’ என்பதுதான். அந்தக் கேள்விக்குக் கூசாமல் ‘ஆமாம்’ சொல்லும்படி ஒரு போட்டியை எப்படி அமைப்பது என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: வாசிப்பு நேரத்தைக் கணக்கிடுங்கள்

முழுநீளத் திரைக்கதை பெரும்பாலும் 90 முதல் 120 பக்கம். கவனமாகப் படித்து, மதிப்பெண் போட்டு, ஒரு பத்தி குறிப்பு எழுத இரண்டு மணி நேரம் ஆகும். ஒன்றரை மணி நேரம் போதும் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். ஐந்தாவது பிரதியில் அந்த வேகம் கவனக்குறைவாக மாறியிருக்கும்.

200 பிரதிகள் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒரே ஆளின் ரசனைக்குள் ஒருவருடைய ஒரு வருட உழைப்பை அடைக்கக் கூடாது. ஆக 400 வாசிப்பு, 800 மணி நேரம். வேலைக்குப் போகும் ஒருவரால் வாரத்துக்கு நான்கு பிரதிகள் படிக்க முடியும். ஆறு வாரம் கொடுத்தால் ஒருவருக்கு 24. 400ஐ 24ஆல் வகுத்தால் 17 வாசகர்கள் தேவை. நடுவில் ஓரிருவர் நழுவுவார்கள், சில பிரதிகளுக்கு மூன்றாவது வாசிப்பும் வேண்டியிருக்கும். எனவே 20 பேர். இருபது பேர் கிடைக்கவில்லையா? அப்படியானால் 200 பிரதிகளை வாங்காதீர்கள். ‘முதலில் வரும் 80 மட்டும்’ என்று அறிவித்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வது கௌரவமான காரியம்.

வேறு ஒரு வழியும் உண்டு. முதலில் தொடக்கத்தின் 15 பக்கங்களும் ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் மட்டும் கேட்பது. அதைப் படிக்க அரை மணி நேரம் போதும். 200 பிரதிகளை இருவர் படிக்க 200 மணி நேரம். அதில் தேறும் 40 பேரிடம் முழுத் திரைக்கதையைக் கேட்டு, மூன்று மூன்று பேர் படித்தால் 240 மணி நேரம். மொத்தம் 440, கிட்டத்தட்டப் பாதி. இதில் தவறே இல்லை, விதிமுறையில் வெளிப்படையாக எழுதியிருக்கும் வரை. முழுத் திரைக்கதையை வாங்கிவைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் பத்துப் பக்கத்தில் மூடிவைப்பதுதான் தவறு.

பெரிய போட்டிகளும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் நிக்கோல் ஃபெலோஷிப் 1986இல் தொடங்கியது. சில ஆண்டுகளில் 7,000க்கும் மேற்பட்ட திரைக்கதைகள் வந்தன. தேர்வாகிறவர்கள் அதிகபட்சம் ஐந்து பேர். முதல் சுற்றுகளைச் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட வாசகர்கள் பார்ப்பார்கள். சுற்றுச் சுற்றாக வடிகட்டிய பிறகே பிரதிகள் அகாடமி உறுப்பினர்கள் கைக்குப் போகும். பல ஆண்டுகள் அங்கே இருந்த முறை இதுதான். நுழைவுக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் அதில் முதல் பங்கு வாசகர்களின் ஊதியத்துக்குப் போகட்டும், பரிசுத் தொகையை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி. சும்மா படித்துக் கொடுப்பவரிடம் தாமதத்துக்காகக் கோபித்துக்கொள்ள நமக்கு வாய் வராது.

இரண்டாம் படி: எதைக் கேட்கிறோம் என்று திட்டமாகச் சொல்லுங்கள்

குறும்படம், முழுநீளப் படம், வெப் சீரிஸின் முதல் எபிசோடு மூன்றையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள். 12 பக்கத்தில் கச்சிதமாக முடியும் குறும்படமும், 110 பக்கத்தில் நடுவில் கொஞ்சம் தளரும் முழுநீளப் படமும் மோதினால் யாராலும் நேர்மையாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. தனித்தனிப் பிரிவு வையுங்கள். முடியாவிட்டால் ஒன்றை மட்டும் நடத்துங்கள்.

பக்க அளவில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘ஒரு பக்கம் ஒரு நிமிடம்’ என்ற கணக்கு ஆங்கிலத்தில் கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் எழுதப்படும் வடிவத்துக்கு ஏற்பட்டது. அதில் எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்பதால் பக்கக் கணக்கு ஓரளவு நிலையாக நிற்கும். தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுக்கொன்று மாறும், சொற்களும் நீளம். போதாக்குறைக்கு, இடப்பக்கம் காட்சி, வலப்பக்கம் வசனம் என்று இரண்டு பத்தியாக எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் எழுத்தின் அளவைக் குறைத்து 90 பக்கத்தில் அடைப்பார். அதே நீளத்தை இன்னொருவர் 140 பக்கத்துக்கு இழுப்பார். எனவே மாதிரிக் கோப்பு ஒன்றை நீங்களே தயாரித்துக் கொடுங்கள்: எழுத்துரு, அளவு, வரி இடைவெளி, ஓரம் எல்லாம் அமைத்தது. யூனிகோடு மட்டுமே ஏற்கப்படும் என்று போடுங்கள். பழைய எழுத்துருவில் வரும் வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகக் கொட்டும். பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்வது அதற்காகவும்தான்.

கதைச்சுருக்கத்தை வாங்கி வையுங்கள், ஆனால் முழுத் திரைக்கதை படிப்பவரிடம் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர், பிரதியில் இல்லாததையும் மனதால் நிரப்பிக்கொள்வார். ‘தம்பியின் துரோகம் அவனை உடைக்கிறது’ என்று சுருக்கத்தில் இருக்கும். காட்சியில் அவன் ஜன்னலோரம் நிற்பதோடு சரி. சுருக்கம் தெரிந்தவருக்கு அந்த ஜன்னல் போதும், பார்வையாளருக்குப் போதாது.

மூன்றாம் படி: விதிமுறையை எதிரியின் கண்ணால் எழுதுங்கள்

விதிமுறையில் முதல் வரி உரிமை பற்றியதாக இருக்கட்டும்: போட்டிக்கு அனுப்புவதால் எழுத்தாளர் எந்த உரிமையையும் நமக்குத் தருவதில்லை. ‘தேர்வாகும் படைப்புகளைப் பயன்படுத்தும் உரிமை அமைப்பாளர்களுக்கு உண்டு’ என்று மேலோட்டமாக எழுதிவைக்கும் போட்டிகளைப் பார்த்திருக்கிறேன். விவரம் தெரிந்த எழுத்தாளர் அந்த வரியைப் பார்த்ததும் போய்விடுவார். வென்ற கதையைப் படமாக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனி ஒப்பந்தமாக, தனித் தொகையோடு, எத்தனை மாதத்துக்குள் என்ற வரம்போடு எழுதுங்கள். பரிசுத் தொகையையே கதையின் விலையாக ஆக்காதீர்கள்.

பதிப்புரிமை எழுதிய கணத்திலேயே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் கிடைக்கும் என்ற நிபந்தனை கூடாது என்பது 1886இல் உருவான, பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையின் வழிவந்த கொள்கை. ஆனால் அது காப்பது எழுதப்பட்ட வடிவத்தை. வெறும் கருவை அல்ல. இருநூறு பிரதிகளில் ‘இறந்தவரின் போனிலிருந்து அழைப்பு வருகிறது’ என்ற கரு நான்கு முறை வரும். ஒரே மாதிரி இரண்டு கதைகள் வருவது இயல்பு என்று விதியிலேயே சொல்லிவிட்டால், முடிவு வந்த பிறகு ‘என் கதையைத் திருடிவிட்டார்கள்’ என்ற மின்னஞ்சல்கள் பாதியாகும்.

புதியவர்களுக்கான போட்டி என்றால் ‘புதியவர்’ யார்? வயதை வைத்தோ, படம் வெளிவந்ததா என்பதை வைத்தோ வரையறுத்தால் தகராறு வரும். நிக்கோல் போட்டி வைத்திருந்த அளவுகோல் எனக்குப் பிடிக்கும்: திரை எழுத்தில் 25,000 டாலருக்கு மேல் சம்பாதித்திராதவர். தொகையை உங்கள் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். வருமானத்தைச் சொல்லிவிட்டால் வாதத்துக்கு இடமில்லை.

நாவலிலிருந்தோ உண்மைச் சம்பவத்திலிருந்தோ எடுத்ததா, மூல ஆசிரியரின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். கூட்டாக எழுதியிருந்தால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பரிசை எப்படிப் பிரிப்பார்கள் என்பதையும் அப்போதே எழுதி வாங்குங்கள். வென்ற பிறகு கேட்டால் நண்பர்கள் எதிரிகளாவதைக் கண்ணால் பார்க்கலாம்.

செயற்கை நுண்ணறிவு பற்றி ஒரு விதி இல்லாமல் இன்று போட்டி நடத்த முடியாது. 2023 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம் செய்துகொண்ட ஒப்பந்தம், இயந்திரம் எழுதியதை எழுத்தாளரின் படைப்பாகக் கொள்ள முடியாது என்ற நிலையை எடுத்தது. நீங்களும் எல்லையைத் தெளிவாகப் போடுங்கள்: எழுத்துப்பிழை திருத்தலாம், காட்சியையும் வசனத்தையும் இயந்திரம் எழுதக் கூடாது, பயன்படுத்தியதை அறிவிக்க வேண்டும் என்பது போல. கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பித் தகுதிநீக்கம் செய்யாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. சந்தேகம் வந்தால் எழுத்தாளரை அழைத்து முந்தைய வரைவுகளைக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் காட்சி ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எழுதியவர் அரை மணி நேரம் பேசுவார்.

கடைசித் தேதி, மணி, எந்த நேர மண்டலம் என்பதெல்லாம் வழக்கமானவை. தாமதமாக வந்ததை ஒருவருக்கும் ஏற்காதீர்கள், அவ்வளவுதான். ‘தகுதியான படைப்பு இல்லையென்றால் பரிசு வழங்கப்படாது’ என்ற வரியை மட்டும் கட்டணம் வாங்கும் போட்டியில் வைக்காதீர்கள். பணத்தை வாங்கிக்கொண்டு பந்தயத்தையே ரத்து செய்வதற்கு ஒப்பானது அது.

நான்காம் படி: பெயரை உண்மையிலேயே மறையுங்கள்

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டால் பெயர் மறைந்துவிடும் என்று நினைப்பார்கள். பெயர் ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய: கோப்பின் பெயர், ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பு வரி, ‘நன்றி’ என்று போட்ட கடைசிப் பக்கம், பிடிஎஃப் கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் ஆசிரியர் பெயர். டிரைவ் இணைப்பாக அனுப்பினால் கணக்கின் பெயரும் படமும் மேலேயே தெரியும். ஒரு முறை எல்லாவற்றையும் நீக்கிவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஒரு வாசகர் தன் டேப்லெட்டில் திறந்தபோது ஜன்னலின் தலைப்பில் எழுத்தாளரின் முழுப் பெயரும் வந்து நின்றது; கோப்புப் பண்புகளை மறந்திருந்தேன்.

வேலை இப்படிப் போகட்டும். போட்டியில் மதிப்பெண் போடாத ஒருவர் மட்டும் எல்லாவற்றையும் பெறுவார். ஒவ்வொரு பிரதிக்கும் தாறுமாறான எண் ஒன்று கொடுப்பார். வந்த வரிசையில் எண் கொடுத்தால் கடைசி நாளில் அவசரமாக அனுப்பியவர்கள் யார் என்று தெரிந்துவிடும். பெயரும் எண்ணும் சேர்ந்த பட்டியல் அவரிடம் மட்டும், கடவுச்சொல்லோடு. இறுதி நடுவர்கள் கையெழுத்திட்ட பிறகே அது திறக்கப்படும்.

அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கத்தில், ஒரு படத்தில் யார் பெயர் திரையில் வர வேண்டும் என்று தகராறு வந்தால் மூன்று பேர் கொண்ட குழு வரைவுகளைப் படிக்கும். எழுதியவர்கள் அவர்களுக்கு ‘எழுத்தாளர் ஏ’, ‘எழுத்தாளர் பி’ மட்டுமே. படிக்கும் மூவரும் தனித்தனியாகப் படிப்பார்கள். பணமும் புகழும் பணயமாக இருக்கும் இடத்தில் வளர்ந்த முறை. நாம் எடுத்துக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

மறைத்தும் ஒரு நடுவருக்குக் கதை தெரிந்திருக்கலாம். அவருடைய உதவி இயக்குநரே எழுதியிருப்பார், அல்லது டீக்கடையில் உட்கார்ந்து கேட்டிருப்பார். ‘தெரியும்’ என்று சொன்னால் அந்தப் பிரதி வேறொருவருக்குப் போக வேண்டும். இறுதிச் சுற்றில் என்றால் அதைப் பேசும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். ‘நான் எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன்’ என்பது உதவாது. அவர் முகம் பேசும்.

ஐந்தாம் படி: இருபது தராசுகளை ஒன்றாக்குங்கள்

வாசகர்கள் எல்லோரும் இயக்குநர்களாகவோ எழுத்தாளர்களாகவோ இருக்க வேண்டியதில்லை. எடிட்டர்கள் பிரமாதமான வாசகர்கள். எந்த சீன் போனாலும் கதை நிற்கும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். நல்ல இயக்குநர்களில் சிலர் மோசமான வாசகர்கள். படிக்கும்போதே தங்கள் படத்தை எடுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

பிரதிகளைப் பிரித்துக் கொடுக்கும் முன் ஒரு ஒத்திகை வையுங்கள். போட்டிக்கு வராத மூன்று திரைக்கதைகளை, எழுதியவர்களின் அனுமதியோடு எடுத்து எல்லோரிடமும் கொடுங்கள். தனித்தனியாக மதிப்பெண் போட்டுக்கொண்டு வந்து ஒரு மாலை உட்காரட்டும். ஒரே பிரதிக்கு ஒருவர் 45 போட்டிருப்பார், இன்னொருவர் 80. ஏன் என்று பேசும் அந்த இரண்டு மணி நேரத்தில் நடப்பது வேறு எந்தக் கையேட்டிலும் நடக்காது.

என் மதிப்பெண் தாள் எளிமையானது: கதைக்கரு 15, கட்டமைப்பு 25, பாத்திரங்கள் 25, வசனம் 15, காட்சிமொழி 20. வடிவத்துக்கு மதிப்பெண் கிடையாது. மாதிரிக் கோப்பில் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் திருத்தி அனுப்ப இரண்டு நாள். தயாரிப்புச் செலவுக்கும் மதிப்பெண் கிடையாது. ‘இதை எடுக்க நிறையப் பணம் ஆகும்’ என்பது தயாரிப்பாளரின் கவலை.

வெறும் எண்கள் போதாது, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு விளக்கம் எழுதுங்கள். பாத்திரங்களுக்கு 20 என்றால்: பெயரை மறைத்து வசனத்தை மட்டும் படித்தாலும் யார் பேசுவது என்று தெரிகிறது; அவர்கள் எடுக்கும் முடிவுகள்தான் கதையை நகர்த்துகின்றன. 10 என்றால்: ஆட்கள் வேறு வேறு, குரல் ஒன்று, கதைக்குத் தேவைப்படும்போது கோழை வீரனாகிறான்.

ஒவ்வொரு பகுதிக்கும் தனியாக மதிப்பெண் போட்ட பிறகே மொத்த அபிப்பிராயத்தைச் சொல்ல வேண்டும் என்பது முக்கியம். பின்னாளில் பொருளாதார நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன், 1955இல் தன் 21ஆம் வயதில் இஸ்ரேல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் நேர்காணலை மாற்றியமைத்தார். ஆறு குணங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பெண் போடச் சொன்னார். உள்ளுணர்வுக்கு வேலையே இல்லையா என்று நேர்காணல் செய்தவர்கள் முறுக்கிக்கொண்டதும், எல்லாம் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண் போடுங்கள் என்றார். அந்தக் கண்மூடிய எண்ணும் நன்றாகவே பலித்தது. ஒழுங்காகப் பார்த்து முடித்த பிறகு வரும் உள்ளுணர்வுக்கு மதிப்பு உண்டு. எங்கள் தாளிலும் கடைசிக் கட்டம் அதுதான்: ‘இதைத் திரையில் பார்க்க விரும்புகிறேனா? ஆம், இருக்கலாம், இல்லை.’

ஆறாம் படி: படிக்கும் முறை

ஒரு நாளைக்கு இரண்டு பிரதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வாசகருக்கும் வரிசை கலைத்துக் கொடுங்கள். அருமையான ஒரு பிரதிக்கு அடுத்து வரும் சுமாரான பிரதி, தன் தகுதியை விடக் குறைவாகவே வாங்கும். முதல் வாசிப்பில் பேனாவைத் தொடாமல் ஒரே மூச்சில் படியுங்கள். எந்தப் பக்கத்தில் போனை எடுத்தீர்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, தொய்வு தொடங்கும் இடத்தை அதைவிடச் சரியாகக் காட்டும் கருவி எனக்குத் தெரியாது.

அப்புறம் திரும்பிப் போய்ச் சில கேள்விகள். ஒரு சீனை எடுத்துவிட்டால் அடுத்த சீனுக்கு ஏதாவது ஆகிறதா? ஒன்றும் ஆகாத சீன்கள் எத்தனை? ஒரு சீன் தொடங்கும்போது இருந்த நிலை முடியும்போது மாறியிருக்கிறதா? கடன்பட்டவன் ஒருவன் இருக்கிறான். ‘எனக்கு எவ்வளவு கடன் இருக்குன்னு உனக்குத் தெரியாதா?’ என்று மனைவியிடம் அவன் சொல்வது தகவல். கடன் கொடுத்தவரின் வீடு இருக்கும் தெருவை விட்டுவிட்டு, காய்ச்சலில் இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சுற்றுவழியில் அவன் போவது காட்சி. காட்சிமொழிக்கான 20 மதிப்பெண் இந்த வித்தியாசத்துக்குத்தான்.

அழகான உரைநடையிடம் ஏமாறாதீர்கள். ‘அவள் கண்களில் பத்தாண்டுத் தனிமை கசிந்தது’ என்று எழுதியிருந்தால் கேமரா எதைப் பிடிக்கும்? அதற்கு மாறாக, மொழி தடுமாறினாலும் காட்சிகள் தெளிவாக விழும் பிரதிகள் வரும். எழுத்துப்பிழை அதிகம் இருக்கும். அவற்றைப் படிக்க எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள். போட்டி நடத்துவதே அந்தப் பிரதிகளுக்காக என்று சில நாள் தோன்றும்.

நகைச்சுவைக்கு ஒரு தனி எச்சரிக்கை. அரங்கில் நூறு பேரோடு சிரிக்க வேண்டியதை வாசகர் தனியாக உட்கார்ந்து படிக்கிறார். சிரிப்பு வராது. திகில் கதையும் இப்படித்தான். எந்த வகைப் படம் உங்களுக்கு ஒத்துவராது என்று வாசகர்களிடம் முன்கூட்டியே கேட்டு, அந்த வகையை அவர்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

ஏழாம் படி: மதிப்பெண்களைச் சமன் செய்யுங்கள்

ஒத்திகைக்குப் பிறகும் கை தாராளம், கை இறுக்கம் இருக்கவே செய்யும். செல்வி என்ற வாசகரின் சராசரி 72, அவர் மதிப்பெண்களின் திட்ட விலக்கம், அதாவது அவை சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு, 5 என்று வைத்துக்கொள்வோம். குமார் என்பவரின் சராசரி 48, திட்ட விலக்கம் 10. செல்வி ஒரு பிரதிக்கு 80 போடுகிறார். குமார் இன்னொன்றுக்கு 66 போடுகிறார். எது மேல்? 80இலிருந்து 72ஐக் கழித்து 5ஆல் வகுத்தால் 1.6. 66இலிருந்து 48ஐக் கழித்து 10ஆல் வகுத்தால் 1.8. குமாரின் 66தான் மேல். வெறும் எண்ணைக் கூட்டியிருந்தால் அந்தப் பிரதி முதல் சுற்றிலேயே போயிருக்கும்.

எக்செல்லில் இதற்கு இரண்டு ஃபார்முலா போதும். நிபந்தனைகள் இரண்டு: பிரதிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும், ஒவ்வொரு வாசகரும் பதினைந்துக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். ஐந்து பிரதி படித்தவரின் சராசரியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

சமன் செய்த பிறகும் இருவரின் மதிப்பெண்ணும் 1.5க்கு மேல் விலகி நின்றால் மூன்றாவது வாசகரிடம் கொடுங்கள். முதல் இருவர் என்ன போட்டார்கள் என்று அவருக்குத் தெரியக் கூடாது. இதோடு ஒரு சலுகையும் வைத்திருக்கிறேன்: ஒவ்வொரு வாசகரும் மதிப்பெண் எதுவானாலும் ஒரே ஒரு பிரதியைப் பிடிவாதமாக அடுத்த சுற்றுக்கு அனுப்பலாம். சராசரி என்பது யாரையும் உறுத்தாத கதைகளை மேலே தூக்கும் எந்திரம். ஒருவரை உலுக்கி மற்றவரை விரட்டும் கதை அதில் நடுவில் போய்ப் படுத்துவிடும். அந்தப் பிடிவாதச் சீட்டில் வந்த பிரதி இறுதிப் பட்டியலுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

எட்டாம் படி: இறுதி நடுவர் குழு

மூன்று பேர் அல்லது ஐந்து பேர். எட்டுப் பிரதிகளுக்கு மேல் அனுப்பாதீர்கள். அதுவே ஒருவருக்குப் பதினாறு மணி நேரம். ‘எல்லாவற்றையும் முழுக்கப் படிப்பேன்’ என்று எழுதி வாங்கிவிட்டு அழையுங்கள். பெரிய பெயர் ஒன்று மறுத்தால் விட்டுவிடுங்கள். போஸ்டருக்கு ஒருவர் வேண்டும் என்றால் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிடலாம்.

கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரும் தங்கள் வரிசையைத் தனியாக அனுப்ப வேண்டும். மதிப்பெண் வேண்டாம், வரிசை மட்டும். மதிப்பெண் என்றால் ஒரு நடுவர் ஒரு பிரதிக்கு 20 போட்டு மற்ற நால்வரின் விருப்பத்தையும் சாய்த்துவிட முடியும். வரிசையில் அவரால் முடிந்த அதிகபட்சம், அதைக் கடைசியில் வைப்பது. எட்டுப் பிரதி என்றால் முதலிடத்துக்கு 7, அடுத்ததற்கு 6, கடைசிக்கு 0 என்று கூட்டிக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித அறிஞர் போர்தாவின் பெயரால் வழங்கும் முறை இது. இதிலும் விளையாடலாம்: தன் விருப்பத்துக்குப் போட்டியாக இருப்பதை வேண்டுமென்றே கடைசியில் தள்ளலாம். அதனால் கூட்டுத்தொகையைத் தீர்ப்பாக எடுக்காமல், பேச்சின் தொடக்கமாக எடுங்கள். யாராவது ஒரு பிரதியை வழக்கத்துக்கு மாறாகக் கடைசியில் வைத்திருந்தால் காரணம் சொல்லச் சொல்லுங்கள்.

பேசும்போது குழுவில் இளையவர் முதலில் பேசட்டும். மூத்தவர் தொண்டையைச் செருமிவிட்டால் அதற்கப்புறம் எல்லாம் ஆமோதிப்புதான். எது பிடித்தது என்பதில் தொடங்குங்கள். குறையில் தொடங்கினால் ஒருவரை ஒருவர் மிஞ்சும் போட்டி அங்கே ஆரம்பித்துவிடும். ‘இதை நான் எழுதியிருந்தால்...’ என்று ஒருவர் தொடங்கினால் ஒருங்கிணைப்பாளர் மரியாதையாகக் குறுக்கிட வேண்டும். கடைசியில் ரகசிய வாக்கு. சமநிலை வந்தால் என்ன செய்வது என்பது விதியிலேயே இருக்க வேண்டும். பரிசைப் பிரிப்பதைக் கடைசி வழியாக வையுங்கள்.

ஒன்பதாம் படி: முடிவுக்குப் பிறகு

தேர்வாகாதவர்களுக்கு, பொது அறிவிப்புக்கு முன்பே கடிதம் போக வேண்டும். முகநூலில் வெற்றியாளர் படத்தைப் பார்த்துத் தன் தோல்வியைத் தெரிந்துகொள்வது கொடுமை. கடிதத்தோடு வாசகரின் குறிப்பு ஒரு பத்தி போகட்டும். ‘நல்ல முயற்சி, திரைக்கதையில் இன்னும் கவனம் தேவை’ என்பது குறிப்பு ஆகாது, படிக்காமலே எழுதலாம். ‘அக்கா வீட்டை விற்க மறுக்கும் காட்சி வரை கதை இறுக்கமாக இருந்தது. அதற்குப் பிறகு முப்பது பக்கம் நாயகன் எந்த முடிவும் எடுக்கவில்லை, எல்லாம் அவனுக்கு நேர்கிறது’ என்று இருந்தால், தோற்றவருக்கும் தன் பிரதி படிக்கப்பட்டது என்று தெரியும். கடுமையான குறிப்புகளை ஒருங்கிணைப்பாளர் அனுப்பும் முன் ஒரு முறை பார்த்துவிடட்டும். நக்கலை வெட்டுங்கள், கருத்தை வெட்டாதீர்கள்.

மொத்தம் எத்தனை பிரதிகள் வந்தன, எத்தனை பேர் படித்தார்கள், ஒவ்வொன்றும் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதை முடிவோடு வெளியிடுங்கள். வாசகர்களின் பெயரையும் போடுங்கள், யார் எதைப் படித்தார்கள் என்பதை விட்டுவிட்டு. பரிசுத் தொகையைச் சொன்ன தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். போட்டி அறிவிக்கும் நாளிலேயே அந்தப் பணம் தனிக் கணக்கில் இருந்தால் இது சிரமமே இல்லை.

கோபக் கடிதம் நிச்சயம் வரும். மதிப்பெண் பற்றியது என்றால் இரண்டு பேரும் போட்ட குறிப்பை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். திருட்டுப் புகார் என்றால் இரண்டு பிரதிகளையும், வந்து சேர்ந்த தேதிகளையும், குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்து எழுத்து மூலமாகக் கருத்து வாங்குங்கள். அது வரும் வரை பரிசை நிறுத்தி வைக்கும் உரிமை விதிமுறையில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து, எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடச் சொல்லுங்கள். வாசகர்களின் மின்னஞ்சல், டேப்லெட், வாட்ஸ்அப் எல்லாவற்றிலிருந்தும். அழித்தாயிற்று என்று ஒவ்வொருவரிடமும் ஒரு வரி பதில் வாங்கிவிட்டு, பெயரும் எண்ணும் சேர்ந்த அந்தப் பட்டியலைக் கடைசியாக அழியுங்கள்.